பத்தியில் உள்ளதை மட்டும்

யூ.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளில் பத்திகளுக்கு மேலே ஓர் அறிவிப்பு அச்சாகியிருக்கும். கேள்விகளுக்கான விடை பத்தியை மட்டுமே அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தேர்வு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. பழைய வினாத்தாள்களில் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் கண் நேராகப் பத்தியின் முதல் வரிக்குப் போய்விடும். ஆனால் அந்த ஒரு வரி கேட்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. உனக்குத் தெரிந்தது, நீ நம்புவது, உன் ஊரில் நீ கண்டது எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, எதிரே இருக்கும் எழுத்து சொல்வதை மட்டும் கேள் என்கிறது. மனிதரால் அது முடியுமா என்று வேதத்துக்குப் பொருள் கண்டவர்களும், விவிலியத்தைத் தியானித்தவர்களும், கன்பூசியஸைப் பாடம் சொன்னவர்களும் நூற்றாண்டுக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தேர்வு மண்டபத்தில் அதற்குக் கிடைக்கும் நேரம், சராசரியாக ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்.

80 கேள்வி, 120 நிமிடம், 200 மதிப்பெண் என்பது அந்தத் தாளின் கணக்கு. மற்ற தேர்வுகளில் நெருக்கடி இன்னும் கூடுதல். ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலப் பகுதியின் 30 கேள்விகளுக்கு 20 நிமிடம். எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத்தில் ஆங்கிலத்தின் 25 கேள்விகளையும் சேர்த்து மொத்தம் 100 கேள்விகளை 60 நிமிடத்தில் முடிக்க வேண்டும். தவறான விடைக்கு யூ.பி.எஸ்.சி. அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். வங்கித் தேர்வு கால் பங்கைப் பிடிக்கும். தெரியாததற்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் நஷ்டமில்லை என்று சொல்லும் இடங்கள் நம் பொதுவாழ்வில் குறைவு. அந்த வகையில் நெகட்டிவ் மார்க்கைப் பாராட்டக்கூடச் செய்யலாம்.

ஆங்கிலம் இதில் தனி முட்டுக்கட்டை. 2011இல் சி-சாட் என்று இந்தத் தாள் அறிமுகமானபோது, மொழிபெயர்ப்பே தராத ஆங்கிலப் பத்திகளும் அதில் இருந்தன. 2014இல் டெல்லி முகர்ஜி நகரில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில், அந்த ஆங்கிலக் கேள்விகளின் மதிப்பெண்ணைத் தரவரிசைக்குக் கணக்கிட மாட்டோம் என்று அரசு இறங்கி வந்தது. 2015 முதல் தாள் முழுவதுமே, 33 சதவீதம் எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாகிவிட்டது. இந்தி படித்தவருக்குப் பத்திகள் இந்தியிலும் கிடைக்கும். தமிழ்வழியில் படித்தவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு எல்லாப் பத்தியும் ஆங்கிலப் பத்திதான். இந்த ஓரவஞ்சனையைச் சொல்லாமல் காம்ப்ரிஹென்ஷனைப் பற்றித் தத்துவம் பேசுவது நேர்மையாகாது. அதே சமயம், கான்வென்ட் ஆங்கிலம் பேசுகிறவர்களும் இந்தப் பத்திகளில் சறுக்குகிறார்கள். அவர்கள் சறுக்கும் இடம் மொழியைத் தாண்டியது.

வினாத்தாளின் நடையில் இந்தக் கட்டுரைக்காகவே எழுதிய ஒரு பத்தியைப் பார்க்கலாம். மூலம் ஆங்கிலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரியைத் தூர்வாரினால் அதில் தேங்கும் நீர் கூடும் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தால், ஆழப்படுத்திய ஏரியும் வெறும் பள்ளமாகத்தான் இருக்கும். செலவிடப்படும் பணமெல்லாம் ஏரிக்குள்ளேயே போகிறது, கால்வாய்க்குப் போவதில்லை. மழை பெய்தும் ஏரி நிரம்பாத ஊர்களில், கால்வாயைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

கேள்வி: பத்தியின் மையக் கருத்து எது? அ) ஏரிகளைத் தூர்வாருவது வீண் செலவு. ஆ) கால்வாய் ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும். இ) ஏரியின் பயன் அதற்கு நீர் வரும் வழியையும் பொறுத்தது. ஈ) ஏரிகள் நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துகின்றன.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏரி என்று படித்ததுமே அவர் மனத்தில் கண்மாய் வந்து நிற்கும். வரத்துக்காலை மறித்து வீடு கட்டியவர்கள் யார், மனு கொடுத்தும் தாலுகா ஆபீஸில் என்ன நடந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பேனா ஆ-வில் போய் நிற்கும். தவறு. பத்தியில் ஆக்கிரமிப்பு என்ற பேச்சே இல்லை. அடைபட்டது என்றுதான் இருக்கிறது. மண் மூடியிருக்கலாம், சீமைக் கருவேலம் மண்டியிருக்கலாம். கண்மாயைக் கண்ணாலேயே பார்த்திராத ஒரு நகரத்துப் பையன் இ-யைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பான். அறிந்தவருக்கு மைனஸ், அறியாதவருக்கு பிளஸ். இது நியாயமா என்று அந்தப் பெண் கேட்டால், சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது.

இந்தச் சிக்கலில் முன்பே மாட்டிக்கொண்டவர்கள், வேதத்துக்குப் பொருள் கண்ட மீமாம்சகர்கள். வேதத்தை எழுதியது யார் என்றால், யாரும் எழுதவில்லை, கடவுள்கூட எழுதவில்லை என்பது அவர்களுடைய பதில். எழுதியவரே இல்லாத நூலில், ஆசிரியர் மனத்தில் என்ன நினைத்திருப்பார் என்று தேட வழியில்லை. எழுத்து மட்டும்தான் கையில் இருக்கிறது. தேர்வுப் பத்தியும் ஏறக்குறைய அப்படித்தான் வந்து சேர்கிறது. ஏதோ ஒரு நூலிலிருந்தோ ஆய்வறிக்கையிலிருந்தோ வெட்டி எடுக்கப்பட்டு, தலைப்பும் பெயரும் ஊரும் உதிர்ந்து, அநாதையாக வந்து நிற்கிறது. எழுதியவர் எந்தக் கட்சி, எந்த நாடு, எந்தக் காலம் எதுவும் தெரியாது. அபௌருஷேயமான, அதாவது யாரும் எழுதாத, பத்தி என்று சொன்னால் மீமாம்சகர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அவர்களுடைய சங்கடம் அண்ணா நகர் கோச்சிங் சென்டர்களில் தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு நூற்பகுதியின் கருத்து இதுதான் என்று தீர்மானிக்க ஆறு அடையாளங்கள் இந்த மரபில் உண்டு. வேதாந்திகளும் அவற்றை எடுத்தாண்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் சதானந்தர் எழுதிய வேதாந்தசாரத்தில் ஆறும் வரிசையாக வருகின்றன. தொடக்கமும் முடிவும் ஒத்துப்போவது, திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது, வேறு எங்கும் கிடைக்காத புதுச் செய்தி, பலன், புகழ்ச்சி, காரணம் காட்டுவது. உபநிடதங்கள் எதைச் சொல்ல வருகின்றன என்று வாதாடுவதற்கான கருவிகள் இவை.

ஏரிப் பத்தியில் இவற்றை வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கால்வாய் என்ற சொல் மூன்று முறை வருகிறது. அது திரும்பச் சொல்லல். தூர்வாரினால் நீர் கூடும் என்பது எல்லோரும் அறிந்தது என்று பத்தியே சொல்லிவிட்டது. ஆகவே அது புதுச் செய்தி இல்லை. ஏரி நிலத்தடி நீரை உயர்த்தும் என்பதும் உலகம் அறிந்ததுதான், அதோடு பத்தியில் அது இல்லவே இல்லை. ஈ அடிபடுகிறது. பணமெல்லாம் ஏரிக்குள் போகிறது என்ற வரி ஒரு குறைகூறல். மீமாம்சகர் இதை அர்த்தவாதத்தில் சேர்ப்பார்கள்: ஒன்றைத் தூக்கிப் பேசுவதும் தாழ்த்திப் பேசுவதும், மையச் செய்திக்கு வலுவூட்ட வந்த பேச்சு, தனியாக நின்று ஆணையிடும் பேச்சாகாது. அந்த வசவைப் பிடித்துக்கொண்டு தூர்வாருவதே வீண் என்று முடிவு கட்டியவர் அ-வில் விழுகிறார். முடிவு வரி கால்வாயில் போய் நிற்கிறது. இ-யைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. கோச்சிங் சென்டர்களில் சொல்லிக்கொடுக்கும் எலிமினேஷன் இதன் எலும்புக்கூடு. யாகத்துக்கு நெய் ஊற்றுவதா வேண்டாமா என்று தகராறு பண்ணியவர்கள் உண்டாக்கிய முறைக்கு எஸ்.எஸ்.சி.யில் இத்தனை பயன் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சொல்லாததை எந்த அளவுக்கு ஊகிக்கலாம்? இது அடுத்த வகைக் கேள்வி. பத்தியிலிருந்து பெறப்படும் மிகத் தர்க்கபூர்வமான ஊகம் எது என்று கேட்பார்கள். இதற்கு மீமாம்ச மரபின் புகழ்பெற்ற ஆள் தேவதத்தன். அவன் பகலில் சாப்பிடுவதில்லை. ஆனால் உடம்பு பருத்தே இருக்கிறது. அப்படியானால் இரவில் சாப்பிடுகிறான். இது அருத்தாபத்தி என்ற தனிப் பிரமாணம், அறிவு பெறும் தனி வழி என்றார் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரில பட்டர். இல்லை, அனுமானத்தின் ஒரு வகைதான் என்றார்கள் நியாயவாதிகள். மணிமேகலையில் சமயக் கணக்கர் பகுதியிலும் அருத்தாபத்தி வருகிறது. ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கங்கைக் கரையில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும் என்பது அங்கே தரப்படும் உதாரணம்.

தேவதத்தனைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். இரவில் சாப்பிடுகிறான் என்பது, கொடுத்த இரண்டு செய்திகளும் மோதாமல் இருக்க நாம் ஏற்றே ஆகவேண்டிய முடிவு. இரவில் ஒளிந்து சாப்பிடுகிறான் என்பது நம் கைச்சரக்கு. விரதம் என்று ஊரை ஏமாற்றுகிறான் என்பது அதைவிடப் பெரிய கைச்சரக்கு. இந்த மூன்றையும் மூன்று ஆப்ஷனாக அடுக்கிவிட்டால் வினாத்தாள் தயார். பெரும்பாலோர் மூன்றாவதைத்தான் ரசிப்பார்கள். அதில்தான் கதை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, வேற்று மதத்துக்காரரைப் பற்றி, வாட்ஸாப்பில் வந்த பாதிச் செய்தியைப் பற்றி நாம் நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பதும் இந்த மூன்றாவது வகை ஊகம்தான். அதற்கு அங்கே நெகட்டிவ் மார்க் கிடையாது.

மேற்கிலும் ஒரு தேவதத்தன் உண்டு. 1980இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சர்ல் எழுதிய ஒரு கட்டுரையில் அவன் வருகிறான். ஓட்டலுக்குப் போய் ஹாம்பர்கர் கேட்கிறான், கருகிப்போய் வருகிறது, பணம் கொடுக்காமல், டிப்ஸும் வைக்காமல் கோபமாக வெளியேறுகிறான். அவன் ஹாம்பர்கரைத் தின்றானா? தின்றிருக்க மாட்டான் என்று நாம் சொல்லிவிடுவோம். இப்படிப்பட்ட கதைகளுக்குப் பதில் சொல்லும் கணினி நிரல்களை ரோஜர் ஷாங்க் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் எழுதியிருந்தார்கள். அந்த நிரலுக்குக் கதை புரிந்ததா என்பதே சர்லின் கேள்வி. குமாரிலருக்குப் பிறகு ஆயிரத்து முந்நூறு ஆண்டு ஓடிவிட்டது. தத்துவவாதிகளின் கவலை மட்டும் மாறவில்லை: ஆள் சாப்பிட்டானா, இல்லையா?

சர்ல் சொன்ன பதில் சீன அறை என்ற பெயரில் பிரபலம். சீனம் தெரியாத ஒருவர் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே சீட்டுகள் வருகின்றன. எந்தக் குறி வந்தால் எந்தக் குறியைத் திருப்பி அனுப்புவது என்ற விதிப்புத்தகம் கையில் இருக்கிறது. வெளியே நிற்பவர்களுக்கு அவர் சீனத்தில் கெட்டிக்காரராகத் தெரிவார். அவருக்கோ ஒரு எழுத்தும் புரியவில்லை.

அந்த விதிப்புத்தகத்தின் தமிழ்நாட்டுப் பதிப்பு வேண்டுமானால் ஏதாவது ஒரு கோச்சிங் வகுப்பில் போய் உட்காரலாம். பத்தியைப் படிக்காதே, முதலில் கேள்வியைப் படி. எப்போதும், ஒருபோதும், மட்டுமே என்ற சொற்கள் உள்ள ஆப்ஷனை அடித்துவிடு. பத்தியில் உள்ள வார்த்தையை அப்படியே திருப்பிப் போட்ட ஆப்ஷனைச் சந்தேகி. கடைசி வரியில் கருத்து இருக்கும். இந்த வித்தைகள் பல நேரம் பலிக்கவும் செய்கின்றன, அதுதான் தொந்தரவு. ஸ்டூவர்ட் காட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.யின் வாசிப்புக் கேள்விகளைப் பத்தியே இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். குருட்டாம்போக்கில் குறித்தால் கிடைப்பதைவிடத் தெளிவாகக் கூடுதலாக எடுத்தார்கள். பத்தியைப் பார்க்காமலே பத்தியைப் புரிந்துகொண்ட பிள்ளைகள்!

இயந்திரங்களும் இந்தக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2016இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வாசிப்புக் கேள்விகளைத் திரட்டி வெளியிட்டது. அதில் மனிதர்கள் எடுத்த மதிப்பெண்ணை 2018 ஜனவரியில் அலிபாபாவும் மைக்ரோசாஃப்டும் உருவாக்கிய நிரல்கள் ஒரு அளவுகோலில் மயிரிழையில் தாண்டின. அதற்கு முந்தைய ஆண்டே ராபின் ஜியா, பெர்சி லியாங் என்ற இரு ஆய்வாளர்கள் இதே கேள்விகளில் ஒரு சோதனை செய்திருந்தார்கள். பத்தியின் கடைசியில், கேள்வியில் உள்ள சொற்களைப் போலத் தோன்றும், ஆனால் விடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டார்கள். சோதித்த 16 நிரல்களின் சராசரி மதிப்பெண் 75இலிருந்து 36க்குச் சரிந்தது. நிரல்கள் எங்கே ஏமாந்தனவோ, அதே இடத்தில்தான் வித்தை மட்டும் பயின்ற மாணவரும் ஏமாறுகிறார். தெரிந்த சொல் கண்ணில் பட்டதும் கை பாய்கிறது.

புரிந்ததா என்பதை எப்படித்தான் அளப்பது? தமிழ் மரபில் இதற்கு ஒரு விசித்திரமான தேர்வு நடந்ததாகச் சொல்கிறது இறையனார் களவியல் உரை. களவியல் சூத்திரங்களுக்குப் புலவர்கள் ஆளுக்கொரு உரை சொன்னார்கள். எது மெய்யுரை என்று தீர்ப்பு சொல்ல உட்காரவைக்கப்பட்டவன் உருத்திரசன்மன்; ஐந்து வயது, வாய் பேசாதவன். ஒவ்வொருவர் உரையையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான். மருதன் இளநாகனார் உரையில் சில இடங்களில் மெய் சிலிர்த்தான். நக்கீரர் உரை சொன்னபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வடித்தான். நான்கு ஆப்ஷன் இல்லை, கட்-ஆஃப் இல்லை, பேச்சும் இல்லை. கதையை நம்ப வேண்டியதில்லை. ஆனால் புரிதல் என்பது வெளியே காட்டும் பதிலைத் தாண்டி உள்ளே நடக்கும் ஒன்று என்று இந்தக் கதையைக் கட்டியவர்கள் தெளிவாக நினைத்திருக்கிறார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர் விண்ணப்பிக்கும் தேர்வில் கண்ணீரை அளக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிவகங்கைப் பெண்ணிடம் திரும்பி வருவோம். அவருக்குத் தெரிந்ததை ஒதுக்கிவை என்று சொல்வதில் ஒரு பொய் இருக்கிறது. யாரும் காலி மனத்தோடு படிப்பதில்லை, படிக்கவும் முடியாது. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு கல்வித் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. 64 பள்ளி மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர் என்று பெயர் வாங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட அதிகமாக நினைவில் வைத்துச் சொன்னார்கள். 1960இல் வந்த உண்மையும் முறையும் என்ற நூலில் ஜெர்மானியத் தத்துவவாதி காடமர் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: முன்கருத்துகள் இருப்பதால்தான் நாம் எதையுமே புரிந்துகொள்ளத் தொடங்குகிறோம். அவற்றை அழித்துவிட முடியாது. நூல் சொல்வதற்கு எதிரே அவற்றை வைத்து, எது தாங்குகிறது, எது உடைகிறது என்று பார்க்கத்தான் முடியும்.

அப்படியானால் தேர்வுத் தாளின் அந்த அறிவிப்பு செய்ய முடியாததைக் கேட்கிறதா? இல்லை என்றே சொல்ல வேண்டும். கண்மாயை மறந்துவிடு என்று அது கேட்கவில்லை. கண்மாய் தெரிந்ததால்தான் அந்தப் பெண்ணுக்கு அடைபட்ட கால்வாய் என்ற வரி நகரத்துப் பையனைவிட ஆழமாகப் புரியும். எது பத்தி சொன்னது, எது தான் கொண்டுவந்தது என்று இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரிய வேண்டும் என்பதுதான் கேட்கப்படுவது. தனக்குத் தெரிந்தது உண்மையாக இருந்தாலும் அதை இன்னொருவர் வாயில் திணிக்கக் கூடாது. இது ஆங்கிலப் பாடத்தைவிட ஒழுக்கப் பாடத்துக்கு நெருக்கமான விஷயம். சாட்சி சொல்பவருக்கும், கோப்பு பார்க்கும் அதிகாரிக்கும், மனு வாங்கும் தாசில்தாருக்கும் இது வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் இதைச் சோதிப்பதில் தவறு காண முடியாது.

தவறு, பயிற்சி நடக்கும் விதத்தில் இருக்கிறது. இது புதிய புகாரும் இல்லை. சீனத்தின் ஜூ ஷி (1130–1200) பத்தொன்பது வயதுக்குள் அரசுப் பணித் தேர்வின் உச்சப் படியில் தேறியவர். பிற்காலத்தில் அவருக்கு அந்தத் தேர்வுக்குப் படிக்கும் முறையே பிடிக்காமல் போனது. கொஞ்சமாகப் படி, திரும்பத் திரும்பப் படி, உன் கருத்தை நூலின் மேல் ஏற்றாதே, முந்தையவர் சொன்னது உள்ளே இறங்கும்வரை காத்திரு என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பதவிக்காகப் படிக்கிறவர்கள் நூலில் தங்களுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்குகிறார்கள் என்பது அவருடைய குறை. அவர் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1313இல் யுவான் அரசு ஓர் ஆணை போட்டது: கன்பூசிய நூல்கள் நான்குக்கும் ஜூ ஷி எழுதிய உரையே இனி தேர்வுக்கான அதிகாரபூர்வ உரை. 1905இல் தேர்வு முறையே ஒழிக்கப்படும்வரை, தேர்வுக்குப் படிக்கும் முறையே பிடிக்காதவரின் உரையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். விதி இவ்வளவு குறும்பாக நடந்துகொள்வது அபூர்வம்.

இந்த விஷயத்தில் மதத்தின் பக்கம் நின்று மிகத் துணிச்சலாகப் பேசியவர் சிமோன் வெய்ல். 1909இல் பாரிஸில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், தத்துவ ஆசிரியை, ஒரு வருடம் தொழிற்சாலைகளில் கூலி வேலை பார்த்தவர், 34 வயதில் இங்கிலாந்தில் இறந்தார். பள்ளிப் படிப்பையும் இறைவன் மேல் உள்ள அன்பையும் இணைத்து 1942இல் ஒரு கட்டுரையை எழுதி, பெரென் என்ற டொமினிக்கன் துறவியிடம் கொடுத்தார். ஜெபம் என்பது கவனம்; பள்ளிப் பயிற்சிகள் எல்லாம் அந்தக் கவனத்தைக் கீழ்நிலையில் பழக்குகின்றன; ஆகவே ஒரு கணக்கு விடை வராமலே போனாலும் அதற்காகச் செலவிட்ட உண்மையான கவனம் வீணாகாது என்பது அவருடைய வாதம்.

அதில் வகுப்பறையை நெருங்கிப் பார்த்த ஒரு கவனிப்பு இருக்கிறது. கவனியுங்கள் என்று ஆசிரியர் சொன்னதும் பிள்ளைகள் புருவத்தை நெரிப்பார்கள், மூச்சை அடக்குவார்கள், உடம்பை விறைப்பாக்குவார்கள். இரண்டு நிமிடம் கழித்து எதைக் கவனித்தாய் என்று கேட்டால் பதில் வராது; தசையை இறுக்கியதைத் தவிர அவர்கள் வேறு எதுவும் செய்யவில்லை. மாக் டெஸ்ட் நடக்கும் எந்தக் கணினி அறையிலும் இந்த முகங்களைப் பார்க்கலாம். கவனம் என்பது எண்ணத்தைக் கொஞ்சம் நிறுத்தி, வெறுமையாக்கி, வருவதை வாங்கிக்கொள்ளத் தயாராக வைப்பது என்கிறார் வெய்ல். மொழிபெயர்ப்பில் அபத்தமாக வரும் பிழைகளும், கணக்கில் வரும் பிழைகளும், மனம் ஏதோ ஒன்றை அவசரமாகப் பற்றிக்கொள்வதால் நேர்கின்றன என்கிறார். ஆ-வைக் குறித்த பேனாவுக்கு இதைவிடச் சரியான நோயறிதல் கிடைக்காது.

அவர் காட்டும் உதாரணம் ஆர்ஸ் என்ற கிராமத்தின் பங்குத் தந்தை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களுக்குப் புனித ஜான் மரி வியான்னியாகத் தெரிந்தவர் (1786–1859). விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. குருமடத்தில் பாடமெல்லாம் லத்தீனில். அவருக்கோ லத்தீன் ஏறவே இல்லை. தேர்வில் தோற்றார். எக்குலி ஊரின் பாலே என்ற குரு விடாமல் தாங்கிப் பிடித்ததால், ஒருவழியாக 1815இல் குருப்பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய பிரான்ஸின் பல பாகங்களிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எதிரே மண்டியிட்டவர் சொல்லும் வார்த்தைக்கும் சொல்லாத வார்த்தைக்கும் பின்னால் இருந்ததை அவர் கண்டுகொண்டார் என்றால், லத்தீனோடு மல்லுக்கட்டிய ஆண்டுகளின் பலன் அங்கே வந்தது என்கிறார் வெய்ல். வேற்று மொழியின் வாக்கியத்தை முட்டி மோதிப் படிப்பது, பின்னொரு நாள் வேற்று மனிதரைக் கேட்பதற்கான பயிற்சி என்பது இதன் பொருள். அகராதியைப் புரட்டிக்கொண்டு ஆங்கிலப் பத்தியோடு மல்லுக்கட்டும் தமிழ்வழி மாணவருக்கு இதைவிட மரியாதையான வார்த்தையை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனால் வெய்ல் போடும் நிபந்தனை ஒன்று கசக்கும். மதிப்பெண் ஆசையோ, தேர்வில் தேற வேண்டும் என்ற ஆசையோ இல்லாமல் படிக்க வேண்டும் என்கிறார். 1927இல் பாரிஸில் நடந்த பொதுத் தத்துவத் தேர்வில் முதலிடம் அவருக்கு. பின்னாளில் தத்துவவாதியாகப் புகழ்பெற்ற சிமோன் த பொவாருக்கே இரண்டாமிடம்தான். முதலிடம் வாங்கியவருக்கு மார்க் ஆசை வேண்டாம் என்று சொல்வதில் சிரமமில்லை. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனும், வயது வரம்புக்குள் மிச்சமிருக்கும் இரண்டு வாய்ப்புகளும் கண்முன் நிற்கிறவரிடம் அதைச் சொல்வது அநாகரிகம். அவருக்கு வேலை வேண்டும். அந்த ஆசையில் பாவம் எதுவும் இல்லை.

வெய்ல் சொன்ன இன்னொரு நிபந்தனைதான் அந்த மாணவருக்குப் பயன்படும். தோற்றுப்போன பயிற்சியை, தவறாகத் திருத்தப்பட்டு வந்த தாளை, சாக்குச் சொல்லாமல், மெதுவாக, நேருக்கு நேர் உற்றுப் பார்க்க வேண்டும் என்கிறார். இன்று நடக்கும் பயிற்சியில் ஒழிந்துபோனது இதுதான். மாக் டெஸ்ட் முடிந்ததும் திரையில் மதிப்பெண் வரும், அகில இந்திய ரேங்க் வரும், சரியான ஆப்ஷன் பச்சையில் ஒளிரும். மாணவர் அதைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த மாக் டெஸ்டுக்குப் போய்விடுவார். ஆ ஏன் தவறு என்பதைவிட, ஆ தனக்கு ஏன் சரியாகப் பட்டது என்பது முக்கியமான கேள்வி. அதைக் கேட்க அந்தச் செயலியில் பொத்தான் இல்லை.

தேர்வுத் தாள் ஒருபோதும் கேட்காத கேள்வியும் ஒன்று உண்டு: பத்தி சொல்வது உண்மையா? ஏரி நிரம்பாததற்குக் கால்வாயை விட்டால் வேறு காரணமே இல்லையா? அந்த இடத்தில் சிவகங்கைப் பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மறுபடி அவருக்குச் சொந்தமாகிறது. பத்தியை எழுதியவரோடு அவர் சமமாக உட்கார்ந்து வாதாடலாம். முதலில் அது சொன்னதை அப்படியே கேட்டிருந்தால்தான் அந்த வாதம் நடக்கும். கேட்காமலே மறுத்தால் அது வேறு யாரோடோ போடும் சண்டை.

ஆகவே தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். டைமர் வைத்துச் செய்யும் பயிற்சியை நிறுத்த வேண்டாம்; அது இல்லாமல் கட்-ஆஃப் தாண்ட முடியாது. வாரத்தில் ஒரு நாள், அந்த வாரம் தவறவிட்ட ஒரே ஒரு பத்தியை எடுத்து, டைமரை அணைத்துவிட்டு உட்காருங்கள். தவறான விடைக்கு உங்களை இழுத்துப்போன சொல் பத்தியில் இருந்ததா, உங்களிடமிருந்து வந்ததா என்று நான்கு வரி எழுதுங்கள். அதற்குக் கீழே, பத்தி சொல்வதை நீங்கள் ஏற்கிறீர்களா, இல்லையென்றால் ஏன் என்று இன்னும் நான்கு வரி எழுதுங்கள். இரண்டையும் தமிழிலேயே எழுதலாம்.